கைல் பைனை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

சிம்லா, மணாலி போய்வருகிற நம்மவர்கள் அங்கே பார்த்த மரங்களையெல்லாம் 'பைன்' என்றே சொல்கிறோம். அவற்றில் பல தேவதாரு. மணாலியில் ஹடிம்பா கோயிலைச் சூழ்ந்து நிற்பதும் தேவதாருத் தோப்புதான். இமயத்தின் உயரங்களுக்கே உரிய பைன், ஹிமாச்சல்காரர்கள் 'கைல்' என்று அழைக்கும் நீலப் பைன். 30 முதல் 50 மீட்டர் வரை வளரும் அழகான மரம். அதைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்துகொள்வது சிரமமே இல்லை.

படி 1: எந்த உயரத்தில் நிற்கிறீர்கள்?

சுமார் 1,800 மீட்டருக்கு மேல்தான் கைலின் ராஜ்யம். அதற்குக் கீழே மலைச்சரிவுகளில் தெரிவது பெரும்பாலும் சீர் பைன். எல்லைப் பகுதியில் இரண்டும் கலந்து நிற்கும்.

படி 2: ஊசிக் கொத்தை எண்ணுங்கள்

குழப்பத்தைத் தீர்ப்பது இந்தப் படிதான். கிளையை ஒடிக்க வேண்டாம், மரத்தடியில் உதிர்ந்த ஊசிகளே போதும். கொத்துக்கு ஐந்து ஊசி இருந்தால் கைல், மூன்று இருந்தால் சீர்.

கைல் ஊசிகள் மெல்லியவை. பெரும்பாலும் 12 முதல் 18 சென்டிமீட்டர் நீளம், நுனி தொங்கும். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் கச்சிதமாகப் பொருந்தி ஒரே உருளையாகிவிடும். ஏனெனில் ஒவ்வொன்றும் முப்பட்டையானது. பச்சை ஊசியின் உட்பக்கங்களில் மெல்லிய வெண்கோடுகள் ஓடும். அவை இலைத்துளைகளின் வரிசைகள். தூரத்தில் மரம் நீலம் பூத்துத் தெரிவது இந்தக் கோடுகளால்தான். கொத்தின் அடியையும் பாருங்கள்: சீரில் பழுப்பு நிற உறை ஒட்டியே இருக்கும், கைலில் சீக்கிரமே உதிர்ந்துவிடும்.

தேவதாருவின் ஊசிகள் குட்டையானவை. சிறு முண்டுகளில் கும்பலாக முளைக்கும். ஊசிகள் கிளையில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருந்தால் அது ஸ்புரூஸ் அல்லது ஃபிர்.

படி 3: கூம்பைக் கையில் எடுங்கள்

கைல் கூம்பு வாழைப்பழம் போல நீண்டு, லேசாக வளைந்து தொங்கும். 30 சென்டிமீட்டர் வரைகூட வளரும். செதில்களில் பிசின் வெள்ளையாக உறைந்திருக்கும். கையில் ஒட்டினால் சோப்பு வேலைக்கு ஆகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள். சீர் கூம்பு முட்டை வடிவில் கட்டையாக, கனமாக இருக்கும். தேவதாருவின் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே செதில் செதிலாக உதிரும். அதன் நுனி மட்டும் மரத்தாலான ரோஜாப்பூவாகக் கீழே கிடக்கும்.

படி 4: பட்டையும் கிளையும்

சீர் பட்டை தடித்து, ஆழமாகப் பிளந்திருக்கும். காட்டுத்தீயைத் தாங்க அது உதவுகிறது. இளம் கைலின் பட்டையோ சாம்பல் நிறத்தில் வழவழப்பானது. தீ பட்டால் தாங்காது.

கைலின் கிளைகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக அமையும், பொதுவாக ஆண்டுக்கு ஓர் அடுக்கு. இளம் மரமானால் அடுக்குகளை எண்ணி வயதைக் கணிக்கலாம். நாற்றாக இருந்த முதல் சில ஆண்டுகளையும் மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள்.