வாய்க்காலோரக் கீரையும் வாய்மொழி வைத்தியமும்

மழை விட்டு நாலு வெயில் அடித்தால் போதும், வாய்க்கால் கரையும் சாலையோரமும் பச்சை கட்டிவிடும். பின்னாலேயே பையோடு கீரை பறிக்க ஆட்களும் வந்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பாதிப் பேர் இலையின் வடிவத்தை மட்டும் பார்த்துச் செடியை முடிவு செய்கிறார்கள். பூவையும் கணுவையும் காயையும் திருப்பிப் பார்ப்பதில்லை.

“தண்ணீரோரம், எதிரெதிர் இலை, வெள்ளைப் பூ. பொன்னாங்கண்ணியேதான்!”

இந்த அடையாளம் அத்தனையும் பொருந்துகிற இன்னொரு செடி உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் களை. பொன்னாங்கண்ணிக்குப் பங்காளி, ஒரே பேரினம். ஒரு கிளையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். பொன்னாங்கண்ணியின் பூ இலைக் கக்கத்தில் காம்பே இல்லாமல் அப்பிக்கொண்டிருக்கும். களையிலோ தனிக் காம்பில், இலையை விட்டு விலகி, சிறு வெள்ளை உருண்டையாக நிமிர்ந்து நிற்கும். தண்ணீரில் படர்ந்த அதன் தண்டை நறுக்கினால் உள்ளே வெற்றாக இருக்கும். பூக்காத பருவத்தில் பழகிய கண்ணும் ஏமாறும் என்பதால், பூ வரும்வரை விட்டுவைப்பதே மேல்.

அப்படி ஏமாந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். அங்கே குடியேறிய இலங்கையர் பலர், ஊரில் முகுணுவென்ன என்றும் பொன்னாங்கண்ணி என்றும் தின்று பழகிய கீரை இதுதான் என்று நம்பி, அந்தக் களையைக் கொல்லையில் வளர்த்துவந்தது 1990களில் தெரியவந்தது. அந்த நாட்டில் அது மிக மோசமான களைகளில் ஒன்று. அதிகாரிகள் அதை அகற்றியதோடு நிற்காமல், சமைக்கத் தோதான வேறொரு செடியையும் மாற்றாகக் கொடுத்தார்கள். வெறும் தடை போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இந்தக் களை விதையை நம்பிப் பிழைப்பதில்லை. ஒரு கணு ஈரமண்ணில் பட்டால் போதும். ஆய்ந்த தண்டை வாய்க்காலில் எறிவது நடவு செய்வதற்குச் சமம்.

“இலைக்கு அடியில் காய் இருந்தால் கீழாநெல்லி, காமாலைக்குக் கைகண்ட மருந்து.”

இரண்டுமே அரைகுறை. இலையடியில் காய் வைக்கும் செடிகள் அந்தப் பேரினத்திலேயே பல. கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது வேறு இனம்.

மருந்துக்கு வருவோம். 1988இல் சென்னை ஆய்வாளர்களும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கீழாநெல்லி விரட்டக்கூடும் என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிறகு தாய்லாந்து போன்ற இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் குணமானது எப்படி? ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பேர் மட்டும் பச்சிலைக்குப் போகிறது. பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலையை அப்படி விட்டுவைக்க முடியாது. நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

“ஆடு கடித்தால், பறவை கொத்தினால் நாமும் தின்னலாம்.”

கூடவே கூடாது. மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் விழுங்கிவிட்டுச் சாவகாசமாகக் கூவிக்கொண்டிருக்கும். நமக்கோ அது இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. ஆடு ஒதுக்கும் ஆடாதோடையை நாம் இருமலுக்குக் கஷாயம் வைக்கிறோம். ருசியையும் நம்ப முடியாது. காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசிப்பதால்தான் பிள்ளைகள் அதைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

“தானாக முளைத்தது, உரமும் மருந்தும் படாதது.”

செடி சரியான செடியாகவே இருக்கட்டும், அது குடித்த தண்ணீர்? வயல் வடிகாலில் களைக்கொல்லி வரும், ஊர் வாய்க்காலில் சாக்கடை கலக்கும். ஈயம் சேர்த்த பெட்ரோல் 2000இல் நின்றுவிட்டாலும், அதற்கு முன் நெடுஞ்சாலையோர மண்ணில் படிந்த ஈயம் லேசில் போகாது. கழுவினால் தூசி போகும், வேர் உறிஞ்சியது போகாது. மாடு மேயும் வாய்க்கால்களில் இன்னொரு தொல்லை: ஈரல் தட்டைப்புழுவின் கண்ணுக்கு எளிதில் தெரியாத கூடுகள் தண்ணீர்ச் செடிகளில் ஒட்டியிருக்கக்கூடும். அங்கே பறித்த வல்லாரையைப் பச்சையாக மெல்லவோ மிக்ஸியில் அடித்துச் சாறாகக் குடிக்கவோ வேண்டாம். நன்றாக வேகவைத்துக் கூட்டு வைக்கலாம்.