சேலத்தில் திறந்தாலும் தமிழாகத் தெரிய...

வெள்ளக்கடை ஊரில் பாமினி எழுத்துருவில் அடித்த மனுவை, அந்த எழுத்துரு இல்லாத சேலத்துக் கணினியில் திறந்தால் ‘அம்மா’கூட எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை அது. கோப்பு கெடவில்லை; பதற வேண்டாம்.

அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். பொதுவாக எழுத்துருவும் அதற்குள் பதிந்தே போகும்.

பெறுபவர் திருத்தவும் வேண்டுமா? யூனிகோடுதான் வழி. தமிழக அரசு 2010இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்பை என்எச்எம் கன்வெர்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றலாம். மூல எழுத்துரு பாமினியா, வானவில்லா என்று சரியாகத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். இடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழெழுத்தாகச் சிதையும். அவற்றைத் தனியே சரிபார்க்கவும்.