பைப்லைன் ஓடிவிட்டால் வேலை முடிந்ததா?

டேட்டா இன்டக்ரேஷன் வேலைக்கு மென்பொருள் துறையில் மதிப்பு குறைவு. ஒரு தரவுத்தளத்தில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் போடுவதுதானே, நல்ல கனெக்டர் ஒன்றை வாங்கிவிட்டால் ஆள்கூடத் தேவையில்லை என்பது பரவலான நம்பிக்கை. அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில் இது கட்டப்படுகிறது. திட்ட அட்டவணையின் கடைசி வாரங்களில் செருகப்படுகிறது. நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு என்பதை மறுக்க முடியாது. 1986இல் எஸ்க்யூஎல் அமெரிக்கத் தரநிலையானது. 1992இல் ஓடிபிசியும் 1997இல் ஜேடிபிசியும் வந்தன. எந்தத் தரவுத்தளத்தையும் சில வரிகளில் இணைத்துவிட இன்று முடிகிறது. ஆனால் இவையெல்லாம் தீர்த்துவைத்தது, ஒரு நிரல் தரவுத்தளத்தை எப்படிக் கூப்பிட்டுப் பதில் வாங்குவது என்பதை மட்டுமே. வந்து சேர்ந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியை அவை தொடவே இல்லை. இந்தத் தொழிலின் பெரும்பகுதி உழைப்பு அந்தக் கேள்வியில்தான் போகிறது.

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை எட்டியபோது தொலைந்தது. விண்கலத்தின் சிறு உந்திகள் கொடுத்த உந்துவிசைக் கணக்கை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிய வழிச்செலுத்தல் குழு, ஒப்பந்தப்படி அந்த எண்கள் நியூட்டன்-நொடியில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. உண்மையில் அவை பவுண்டு-நொடியில் இருந்தன, வித்தியாசம் 4.45 மடங்கு. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடந்திருக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிப்போனது. கோப்பு போய்ச் சேர்ந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தது. அலகு தவறு என்று எந்த மென்பொருளும் பிழைச்செய்தி காட்டவில்லை, காட்டுவதற்கு அதனிடம் காரணமும் இல்லை. குழுக்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்பதையும் விசாரணைக் குழு காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

விண்வெளி தூரம் என்று தோன்றினால் 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தைப் பார்க்கலாம். ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது. ஒரு பரிசோதனை முடிவே பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர். அவர்களுக்குத் தங்கள் முடிவு கிடைத்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேட வேண்டிய குழுவுக்குத்தான் பெயர்கள் போகவில்லை. எக்ஸலைப் பயன்படுத்தியதே தவறு என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். புதிய வடிவத்துக்கு மாறியிருந்தால் எல்லை 10,48,576க்குத் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவே. அனுப்பியவர் கணக்கையும் பெற்றவர் கணக்கையும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒப்பிட்டு, ஒரு வரிசை குறைந்தாலும் வேலையை நிறுத்தும் ஒரு சோதனை வேண்டும். அதை எழுதுபவர்தான் இன்டக்ரேஷன் டெவலப்பர்.

வந்து சேர்ந்த தரவு எதைக் குறிக்கிறது என்ற சிக்கல் தமிழ்ப் பெயர்களில் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பான் விண்ணப்பத்தில் குடும்பப்பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று. இனிஷியலை விரித்து எழுத வேண்டும். ‘ஆர். செல்வி’ என்று ஆதாரில் இருப்பவர் பானில் ‘செல்வி ராமசாமி’ ஆகிறார். அப்பாவின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருமணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறியிருக்கலாம். இரண்டும் ஒரே ஆள்தானா என்பதை எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் நிரல் கண்டுபிடிக்காது. தமிழ் எழுத்திலேயே சேமித்தாலும் தப்பிக்க முடியாது: யூனிகோடில் ‘கோமதி’யின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சீராக்காமல் ஒப்பிட்டால் பொருந்தாது. இனிஷியல் இல்லாதவரையும் இனிஷியலைக் கேட்காமல் விட்டவரையும் வேறுபடுத்த, ஒரு தரவுத்தளம் முதலாமவருக்கு வெற்றுச் சரத்தையும் இரண்டாமவருக்கு ‘நல்’ (NULL) மதிப்பையும் வைத்திருக்கலாம். போஸ்ட்கிரெஸ் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றும்; ஆரக்கிள் வெற்றுச் சரத்தையும் ‘நல்’ மதிப்பாகவே கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது ஒரு வரிசைகூடக் குறையாமல், ஒரு தகவல் மட்டும் அழிந்துபோகிறது.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, இனிச் செயற்கை நுண்ணறிவே மேப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் என்பது. நெடுவரிசைப் பெயர்களை அது திறமையாகவே பொருத்துகிறது. அந்த உதவியை வேண்டாம் என்பது வீண்பிடிவாதம். ஆனால் நிலை என்ற நெடுவரிசையில் 7 என்று இருந்தால், கிளை அலுவலகத்தில் அதை எந்த நேரத்தில், எதற்காகப் போடுகிறார்கள் என்பது பல சமயம் எந்த ஆவணத்திலும் இருக்காது. அங்கே வேலை செய்பவரைக் கேட்டால்தான் தெரியும். எல்லோருக்கும் ஒரே தரவுத்தளம் வைத்துவிட்டால் தொல்லையே இல்லை என்பது இன்னொரு மறுப்பு. ஒருவர் மூன்று முறை பரிசோதித்துக்கொண்டால் ஆய்வகத்துக்கு அது மூன்று மாதிரி, தொற்றைத் தேடும் குழுவுக்கு ஒரே மனிதர். இரண்டு பார்வையும் சரி, இரண்டும் அவரவர் வேலைக்குத் தேவை. ஒரே தரவுத்தளத்தில் வைத்தாலும் அந்த இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருவர் பொருத்தம் எழுதித்தான் ஆக வேண்டும்.

தரவு சரியாகப் போய்ச் சேர்ந்தால் பொறுப்பு முடிந்தது என்பாரும் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளர்களை லாய்ட்ஸ் குழுமத்தின் அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு சரியாகவே போனதென்று ஒழுங்குமுறை அமைப்புகளே ஒப்புக்கொண்டன. ஆனால் அதைத் தாங்க வேண்டிய புதிய அமைப்பு உடனே தடுமாறியது. கிளை, தொலைபேசி, இணையம், மொபைல் எல்லாம் முடங்கின. முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022இல் விதித்த அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு.

இந்தத் தோல்விகளின் விவரம் நமக்குத் தெரியவந்தது அவை வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால். இந்தத் தொழிலைச் செய்பவர்களின் சமூகத்துக்கும் இதே வெளிப்படைத்தன்மைதான் உயிர். கிரெகர் ஹோப்பும் பாபி வுல்ஃபும் 2003இல் எழுதிய ‘என்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்’ நூல், பலரும் தனித்தனியாகத் திண்டாடிக் கண்டடைந்த 65 தீர்வுகளுக்குப் பெயர் வைத்தது. ஒரே செய்தி இருமுறை வந்தால் என்ன செய்வது, சேர முடியாத செய்தியை எங்கே ஒதுக்குவது என்பதற்கெல்லாம் இன்று பெயர் உண்டு; அப்பாச்சி கேமல் போன்ற திறமூல மென்பொருள்கள் அந்தப் பெயர்களிலேயே இயங்குகின்றன. தமிழ்ப் பெயர்களைப் பொருத்தும் விதிகளுக்கும் இந்த வெளிப்படைத்தன்மை வேண்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது, லட்சுமி என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டில் வருவது, ஓகாரத்தின் இரண்டு வடிவங்கள் ஆகியவற்றைக் கையாளும் நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் எழுதிப் பூட்டிவைப்பதில் யாருக்கும் வணிக லாபம் இல்லை. அவற்றைச் சோதனைத் தரவோடு திறமூலமாக வெளியிடலாம். அதில் வாடிக்கையாளர் தகவல் ஒன்றுகூட வெளியே போகத் தேவையில்லை.