விலை எழுதிய பலகை

பெங்களூரில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவருக்கு விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். பலர் கடன் வாங்கித்தான் முதல் போடுகிறார்கள். கீரையும் தக்காளியும் நாள் கணக்கில் காத்திருக்காது. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் முதலே போய்விடும். வட்டி மட்டும் நிற்காது.

வண்டியைக் கடந்து பலர் போகிறார்கள். சிலர்தான் நிற்கிறார்கள். மற்றவர்கள் ஏன் நிற்பதில்லை? விலை அதிகம் என்பதாலா? விலையே அவர்களுக்குத் தெரியாதே!

வீட்டு வேலை முடித்துத் திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கையில் 30 ரூபாய் இருக்கிறது. “பீன்ஸ் என்ன விலைக்கா?” என்று கேட்கலாம். கால் கிலோ 25 ரூபாய் என்று சொல்லிவிட்டால்? மீதி 5 ரூபாயில் வேறு என்ன வாங்குவது? கேட்டுவிட்டு வாங்காமல் போக யாருக்கும் கூச்சம்தான். அதனால் அவர் கேட்பதே இல்லை. தலை குனிந்தபடி போய்விடுகிறார். இன்னொருவருக்கு வேறு சந்தேகம். ‘சட்டையைப் பார்த்து விலை சொல்வார்களோ?’ என்று நினைக்கிறார். அவரும் நிற்பதில்லை.

ஒரு சிறிய பலகையில் விலையை எழுதி வைத்தால் இரண்டு பேருடைய தயக்கமும் தீரும்.

இது புதிய யோசனை இல்லை. பெங்களூரில் ஹாப்காம்ஸ் கடைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1959இல் திராட்சை விவசாயிகளுக்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. தோட்டக்கலைத் துறை அதிகாரியாக இருந்த டாக்டர் எம்.எச். மரிகவுடா அதற்கு முன்நின்றார். பறித்த திராட்சை சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் தரகர் சொன்ன விலைக்கே விவசாயி விற்க வேண்டியிருந்தது. சங்கம் வந்த பிறகு விவசாயியின் சரக்கு நேராக நகரத்துக் கடைகளுக்கு வந்தது. பின்னர் மற்றப் பழங்களும் காய்கறிகளும் சேர்ந்தன.

அந்தக் கடைகளில் கவனிக்க வேண்டியது விலைப் பட்டியல். அன்றைய விலையைக் காலையில் சங்கமே முடிவு செய்யும். அதைக் கடையில் எழுதி வைப்பார்கள். கார் வைத்திருப்பவருக்கும் நடந்து வருபவருக்கும் அதே விலைதான். பேரம் பேசத் தெரியாதவர்களும் பயமில்லாமல் வாங்கலாம். இப்போது செல்போனில் காய்கறி விற்கும் நிறுவனங்களும் வந்துவிட்டன. பிக்பாஸ்கெட் 2011இல் பெங்களூரிலேயே தொடங்கியது. அங்கேயும் படத்துக்குக் கீழே எடையும் விலையும்தான் இருக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தள்ளுவண்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு சிலேட்டும் சாக்பீசும் போதும். பெங்களூரில் இன்னொரு வசதியும் உண்டு. விற்பவர் தமிழ் பேசுவார். வாங்குபவர் கன்னடத்தில் “எஷ்டு?” என்பார். அடுத்தவர் தெலுங்கில் கேட்பார், இன்னொருவர் இந்தியில் கேட்பார். ஆனால் 40 என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். பொருளின் பெயரைக் கன்னடத்திலும் எழுதக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. வெங்காயத்துக்கு அங்கே ஈருள்ளி என்று பெயர்.

கிலோ விலையை மட்டும் எழுதினால் போதாது. பலர் கால் கிலோதான் வாங்குகிறார்கள். கிலோ 60 என்று பெரிதாக எழுதினால் பயந்துவிடுவார்கள். பக்கத்திலேயே ‘கால் கிலோ 15’ என்றும் எழுதலாம். தராசில் தெரியும் எண் வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும். ‘விலை சரி, எடை சரியா?’ என்ற கேள்வி அப்போது வராது.

அடுத்தது பணம் கொடுப்பது. முன்பு சில்லறை இல்லாமலே பல வியாபாரங்கள் கெட்டன. 2016இல் யு.பி.ஐ. வந்தது. வண்டியில் ஓர் அட்டை ஒட்டினால் போதும், 7 ரூபாயைக்கூடச் சரியாகக் கொடுத்துவிடலாம். ஆனால் வாங்குபவர் தன் போனைக் காட்டினால் மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் போனுக்கு வந்த செய்தியைப் படித்துப் பாருங்கள்.

2025 ஜூலையில் இதே பெங்களூரில் பல கடைகளில் இந்த அட்டைகள் காணாமல் போயின. ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி மாட்டினார்கள். யு.பி.ஐ. கணக்கில் வந்த பணத்தைப் பார்த்து, சிறு வியாபாரிகள் பலருக்குக் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. வரியே கிடையாது! வியாபாரிகள் போராடினார்கள். வரி இல்லாத பொருள் விற்றவர்களிடம் வசூலிக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்தது.

பயந்து அட்டையைக் கிழித்தவர்களுக்குத்தான் நஷ்டம். கையில் ரொக்கம் இல்லாதவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அட்டை இருக்கட்டும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, சரக்கு வாங்கிய பணம், ரொக்கமாக வந்தது, போனில் வந்தது என்று தினமும் நான்கு எண்களை எழுதுங்கள். தம்பி அனுப்பிய கைமாற்றும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் வந்து விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே வியாபாரமாகத் தெரியும். அது எந்தப் பணம் என்று சொல்ல உங்கள் நோட்டுதான் சாட்சி.

வரி உள்ள பொருள் விற்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டும். அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 11 ஆயிரம் ரூபாய் விற்பனை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கத்தரிக்காய் கிலோ 36 ரூபாய். கால் கிலோ எவ்வளவு? கேரட் கிலோ 50 ரூபாய். கால் கிலோவுக்குச் சில்லறைச் சிக்கல் வருகிறது. பலகையில் என்ன விலை எழுதுவீர்கள்? வாங்குபவருக்கும் உங்களுக்கும் நஷ்டமில்லாமல் யோசித்து எழுதுங்கள்.