நாம் அறிந்த காடும் காண வேண்டிய காடும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் 'காடு' என்னும் சொல் புதிதன்று. பால் வெட்டச் செல்வோரும் செம்பனைக் குலை அறுக்கச் செல்வோரும் "காட்டுக்குப் போகிறேன்" என்றே கூறுவர். ஆகவே, சென்ற ஆண்டு மாணவர்களைக் காடு காண அழைத்துச் செல்லவிருப்பதாக நாம் அறிவித்தபோது, "நாம் காட்டில்தானே இருக்கிறோம், ஐயா? இன்னொரு காட்டை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்ற பயணமே இது.

செல்லும் வழி

நம் ஜொகூர் மாநிலத்தின் வட எல்லையில், பகாங்கை ஒட்டி, எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா உள்ளது. குளுவாங்கிலிருந்து கஹாங் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 56 கிலோமீட்டர் உள்ளே சென்றால் கம்போங் பெத்தாவை அடையலாம். அது ஜாக்குன் பூர்வகுடி மக்களின் சிற்றூர். வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்களைக் கண்டோம்: ஒரே மரம், ஒரே வரிசை. கம்போங் பெத்தாவிலிருந்து மோட்டார் படகில் எண்டாவ் ஆற்றின் வழியே கோலா ஜாசினை அடைந்து, பின்னர் நடந்தோம்.

நீலநீர்த் தடாகம்

ஜாசின் ஆறு ஓரிடத்தில் அகன்று ஆழ்ந்து நிற்கிறது. அதனைத் தாசேக் ஆயர் பீரு, அதாவது நீலநீர் ஏரி என்பர். தெளிந்த நீர் கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறத்தை ஈர்த்துக்கொள்வதால், ஆழமான இடம் நீலமும் பச்சையும் கலந்து தோன்றுகிறது. அடர்ந்த காடு மழைநீரை மெல்ல வடியவிட்டு, மண் கரையாமல் காப்பதாலேயே இத்தெளிவு நிலைக்கிறது. மரங்களை வெட்டினால் சேறே ஓடிவரும்.

சற்று அப்பால் உப்பே கூலிங் அருவி உள்ளது. அதன் பாறைகளில் தொட்டிகளைப் போன்ற வட்டக் குழிகள் காணப்படுகின்றன. அவை உளியால் குடையப்பட்டவை அல்ல. நீர்ச்சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் நெடுங்காலம் சுழன்று சுழன்று அரைத்தவை. பாறைகளோ 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைகளிலிருந்து தோன்றியவை.

வழிகாட்டியிடம் கற்றவை

எங்களுடன் வந்த முதிய தொழிலாளர் ஒருவர் ஒரு பெருமரத்தின்மீது கை வைத்து நின்றார். "இப்படிப்பட்ட மரங்களைத்தான் என் தகப்பனார் வெட்டிச் சாய்த்தார். இதன் பெயர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். ஜாக்குன் வழிகாட்டியிடம் மலாய் மொழியில் கேட்டோம். "மெராந்தி" என்றார் அவர்.

சற்று நேரத்தில் நம் மாணவர் ஒருவர் எறிந்த மிட்டாய்த் தாளை அவ்வழிகாட்டி குனிந்து எடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு சொல்லும் கூறவில்லை. ஆசிரியராகிய நாம் நாணினோம்.

பூங்காவை நிருவகிப்பது மாநிலப் பூங்காக் கழகம். ஆயினும், படகு செலுத்துவதிலும் வழிகாட்டுவதிலும் இவ்வூர் மக்களின் பங்கு பெரிது. காடு அழியின் அவர்தம் பிழைப்பும் அறிவும் ஒருங்கே அழியும். 1994இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பகாங் மாநிலத்துப் பெரா ஏரியிலும், அங்கு வாழும் செமலாய் மக்களே விருந்தினரைப் படகில் அழைத்துச் செல்கின்றனர்.

காடு காக்கப்பட்ட வரலாறு

இக்காடு தானாகத் தப்பியதன்று. 1977இல் பகாங் பகுதியில் இதன் நடுப்பகுதியிலேயே மரம் வெட்டத் தொடங்கினர். நாளேடுகளும் இயக்கங்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தமையால் அப்பணி நிறுத்தப்பட்டது. 1985-86இல் மலேசிய இயற்கைக் கழகம் ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. 1993இல் ஜொகூர் பகுதியில் 48,905 ஹெக்டர் தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

எனினும் காலம் கடந்த இழப்பும் உண்டு. இங்கு உலவிய சுமத்ராக் காண்டாமிருகம் இன்று இல்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019இல் சபாவில் இறந்தது.

நம் கடமை

தோட்டம் நமக்குச் சோறு தருகிறது. அதனை நாம் இகழவில்லை. நம் பாட்டன்மார் காடு வெட்டியது வயிற்றுப்பாட்டுக்காகவும் துரைமார் கட்டளைக்காகவும் ஆகும். ஆயினும், எஞ்சிய காட்டின் பெயரையேனும் அறியாதிருத்தல் இனி நமக்கு அழகன்று. பெயர் அறியாத ஒன்று அழியும்போது, அழிந்ததே நமக்குத் தெரியாது.

திரும்பும் வழியில், முன்பு வினவிய அம்மாணவன் செம்பனை வரிசைகளை நெடுநேரம் நோக்கியிருந்தான். பிறகு, "ஐயா, இது நாம் நட்டது. அது யாரும் நடாதது" என்றான். நாம் சொல்ல எண்ணிய விடையை அவனே கண்டுகொண்டான்.

பெற்றோர்களே! வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்கா மூடப்படும். மழை ஓய்ந்தபின் ஒருமுறையேனும் உங்கள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சி

1. நீலநீர் ஏரி நீலமாகத் தோன்றுவது ஏன்?
2. பாறைக் குழிகள் எவ்வாறு உண்டாயின?
3. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மரங்களுள் பத்தின் பெயரைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.