பிளைவுட்டில் சுழன்ற ஜெட் எஞ்சின்

வீட்டுப் பட்டறையில் ஜெட் எஞ்சின் செய்யலாம் என்று சொன்னால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அதற்குக் கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும், ரகசிய உலோகம் வேண்டும், கதை விடாதீர்கள்" என்பது ஒரு கட்சி. "பழைய லாரி டர்போ ஒன்று, தகரக் குழாய் ஒன்று, காஸ் சிலிண்டர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. கஷ்டம் இருக்கிறது என்கிறார் முதலாமவர், இல்லை என்கிறார் இரண்டாமவர். அது எங்கே இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது.

முதல் கட்சிக்குப் பதில் சொல்ல ஒரு ஜெர்மானியரின் பெயர் போதும். குர்ட் ஷ்ரெக்லிங் 1980களின் பிற்பகுதியில் சிறிய ஜெட் எஞ்சின்களைத் தன் கையாலேயே செய்து மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டார். அவற்றுள் பேர்பெற்றது எஃப்.டி. 3/64. காற்றை உள்ளிழுத்து அழுத்தும் அதன் கம்ப்ரஸர் சக்கரம் பிளைவுட்டால் ஆனது. கார்பன் இழை கொடுத்து அதை வலுவாக்கியிருந்தார். பின்னால் சூட்டில் சுழலும் டர்பைன் சக்கரமோ எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியது. வட்டத் தகட்டின் ஓரத்தில் வரிசையாக வெட்டுப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் முறுக்கித் திருப்பி, அரத்தால் ராவி பிளேடின் வளைவைக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு எழுபதாயிரம் சுற்றுக்கும் மேல் ஓடிய அந்த எஞ்சின் இரண்டு மூன்று கிலோ உந்துவிசை தந்தது. செய்முறையை அவர் பூட்டி வைக்கவும் இல்லை, புத்தகமாகவே எழுதிவிட்டார்.

மரம் எப்படி எரியாமல் இருந்தது? ஜெட் எஞ்சின் என்றால் முன்னிருந்து பின்வரை நெருப்புக் குழம்பு என்று நினைப்பதால்தான் இந்தச் சந்தேகம் எழுகிறது. முன்பக்கம் வருவது வெளிக்காற்று. அதை ஒன்றரை மடங்கு அழுத்தினால், கை வைக்கத் தயங்கும் அளவுக்குச் சூடேறுமே தவிர மரம் பற்றிக்கொள்ளாது. பின்னர் வந்த ஆர்வலர்கள் மரத்தை விட்டுவிட்டு லாரி டர்போவுக்கு விற்கும் அலுமினியக் கம்ப்ரஸர் சக்கரத்துக்கு மாறினார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் செய்யப்படும் கே.ஜே. 66. சக்கரத்தின் விட்டம் 66 மில்லிமீட்டர் என்பதால் அந்த எண். வெளிக்கூடாக முகாம் அடுப்புக்கு வரும் காஸ் குப்பியையே வெட்டிப் பயன்படுத்தினார்கள். உந்துவிசை ஏழரைக் கிலோ.

"சரி, பின்பக்கமாவது உருகிவிடாதா?" இது அடுத்த கேள்வி. எரியறைக்குள் சுடரின் சூடு இரண்டாயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். எந்த எஃகும் அதைத் தாங்காது. ஆனால் அந்தச் சுடர் எஃகைத் தொடவே கூடாது என்பதுதான் வடிவமைப்பின் சூட்சுமம். உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய கால் பங்குதான் எரிபொருளோடு சேர்ந்து எரிகிறது. மிச்ச முக்கால் பங்கு, எரியறைச் சுவரில் துளைத்த ஓட்டைகள் வழியாகப் பின்னால் நுழைந்து சுடரைத் தணிக்கிறது. டர்பைனுக்கு வந்து சேரும்போது வாயு எழுநூறு எண்ணூறு டிகிரிக்கு இறங்கியிருக்கும். எரியறை என்பது அரை மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டை உருட்டிச் செய்த, நூற்றுக்கும் குறையாத ஓட்டைகள் போட்ட ஒரு டப்பா. பார்க்கச் சல்லடை போலிருக்கும். எந்த ஓட்டை எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் பட்டறைக்காரரின் பாதி ஆயுள் போகிறது. ஒரு பக்கம் காற்று குறைந்தால் டர்பைனின் ஒரு பகுதி மட்டும் செக்கச்சிவந்து நிற்கும்.

அந்த டப்பாவுக்குள் மண்ணெண்ணெய் போகும் வழியும் பார்க்க வேண்டியது. சிறு உலோகக் குழாய்கள் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சுடரின் சூட்டில் அவை காய்ந்து கிடக்கும். அவற்றின் வாய்க்குள் மெல்லிய ஊசிக்குழல்கள் மண்ணெண்ணெயைச் சொட்டும். சிரிஞ்ச் ஊசியையே வெட்டிப் பொருத்துபவர்கள் உண்டு. குழாய்க்குள் விழுந்த எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்து வெளியே வந்து எரியும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் நேராக மண்ணெண்ணெயை விட்டால் ஆவியாகாது, தேங்கும். முதலில் புரோப்பேன் வாயுவைப் பற்றவைத்துக் குழாய்களைக் காயவைத்த பிறகுதான் எண்ணெயைத் திறக்க வேண்டும்.

எரிபொருள் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது: விமான நிலையத்திலிருந்து ஏதோ விசேஷப் பெட்ரோல் வாங்கி வர வேண்டும் என்று. வேண்டாம். மண்ணெண்ணெய் போதும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் டர்பைன் ஆயிலைக் கலப்பார்கள். அந்தக் கலவையிலேயே ஒரு சிறு பங்கு பேரிங்குகளுக்கும் போய் அவற்றை நனைத்துக் குளிர்விக்கிறது.

இப்போது உண்மையான கஷ்டத்துக்கு வருவோம். நெருப்பைக் கண்டு பயப்படுபவர்கள் சுழற்சியைக் கண்டு பயப்படுவதில்லை. கே.ஜே. 66 முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,15,000 சுற்று சுற்றுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரத்தின் விளிம்பு அப்போது நொடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலியின் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான். சக்கர மையத்திலிருந்து 27 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கிராம் எடையில் ஒரு டர்பைன் பிளேடு இருந்தால், அதை வெளியே பிடுங்கி எறியப் பார்க்கும் விசை சுமார் 400 கிலோ. சிவக்கச் சூடான நிலையில், ஒரு சிறிய உலோகக் காம்பு அந்த நானூறு கிலோவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தரமான எஞ்சின்களின் டர்பைன் சக்கரத்தை இன்கோனல் என்ற நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்ப்பது இதனால்தான். அதை வீட்டில் வார்க்க முடியாது. விலைக்கு வாங்குவதே வழி. முதல் கட்சிக்காரர் சொன்ன ரகசிய உலோகம் இதுதான் என்றால், அது கடையில் கிடைக்கிறது.

காசு கொடுத்தாலும் கிடைக்காதது சமநிலை. பட்டறையில் பேலன்சிங் என்பார்கள். விளிம்பில் ஒரே ஒரு மில்லிகிராம் கூடினால் முழு வேகத்தில் அது பேரிங்கை அரைக் கிலோ விசையில் இழுக்கும். நொடிக்கு ஏறத்தாழ 1,900 தடவை, திசை மாறி மாறி. ஒரு மில்லிகிராம் எவ்வளவு என்பது அரத்தால் ஒரு தேய் தேய்த்து உதிர்ந்த பொடியைப் பார்த்தால் விளங்கும். சக்கரத்தை அதிர்வு உணரும் தாங்கியில் வைத்துச் சுழற்றி, கனம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, ஒரு தூள் தேய்த்து, மறுபடி சுழற்றி, மறுபடி தேய்க்க வேண்டும். இந்த வேலையில் பொறுமை இழந்தவர்களின் எஞ்சின்கள் முதல் நாளே ஊளையிட்டு நிற்கும். பேரிங்குகளிலும் சாதாரண எஃகுக் குண்டுகள் நெடுநேரம் நிற்காது. சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கான் வகைக் குண்டுகள் போட்டவை வேண்டும். அவற்றுக்கும் ஆயுள் குறைவு. கடையில் விற்கும் மாதிரி டர்பைன்களையே 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கு அனுப்பச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

பின்னால் தீ சீறினால் நல்ல சக்தி என்று நம்புபவர்களைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே சிரமம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆரோக்கியமான சிறு டர்பைனின் பின்புறம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காற்று நடுங்குவது மட்டும் தெரியும். தீ தெரிகிறது என்றால் எரிய வேண்டியது எரியறையில் எரியாமல் வெளியே வந்து எரிகிறது என்று பொருள். இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் சாமானியர்கள் அல்ல. ஹான்ஸ் ஃபான் ஓஹைன், 1930களின் நடுவில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், மாக்ஸ் ஹான் என்ற கார் மெக்கானிக்கிடம் தன் முதல் ஜெட் மாதிரியைச் செய்யக் கொடுத்தார். அதுவும் ஒரு பட்டறை எஞ்சின்தான். ஓடவிட்டபோது பின்னால் தீ நீண்டு வந்தது. எஞ்சினோ தன் சொந்தக் காலில் நிற்கவில்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விமான முதலாளி ஹைன்கெல் இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். எரிய வைக்கச் சுலபமான ஹைட்ரஜனைக் கொண்டு 1937இல் அடுத்த எஞ்சினை ஓட்டிக்காட்டி, 1939 ஆகஸ்ட் 27இல் உலகின் முதல் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டார்கள்.

இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டிலுக்கு வேறு விதமான அனுபவம். 1937 ஏப்ரலில் ரக்பி நகரத் தொழிற்சாலையில் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியபோது, எரிபொருள் வால்வை மூடிய பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். எரியறைக்குள் கசிந்து தேங்கிய எண்ணெய்தான் காரணம். இன்றைக்கும் வீட்டு டர்பைன்களில் நடக்கும் விபத்துகளில் இந்த வகை அடிக்கடி வருகிறது: பற்றவில்லை என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை பொத்தானை அழுத்துவார்கள், உள்ளே எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கும், நான்காம் முறை எல்லாம் சேர்ந்து பற்றும். பற்றாத எஞ்சினைச் சாய்த்துத் தேங்கியதை வடித்துவிட்டுத்தான் மறுபடி தொட வேண்டும்.

டர்போவும் தகரக் குழாயும் போதும் என்ற கட்சிக்கு நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு. அது ஓடும். ஜெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க நல்ல வழி. ஆனால் லாரி டர்போவின் இரும்புக் கூடு கனமானது, அதற்குத் தனி ஆயில் பம்ப் வேண்டும், உந்துவிசையோ எடைக்கு ஏற்றதாக இராது. பறக்கவிட உதவாது.

"சின்னது, ஆகவே சுலபம்" என்பது கடைசி மயக்கம். சிறுமைதான் இங்கே எதிரி. சக்கரத்துக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். பெரிய எஞ்சினில் அது கணக்கிலேயே வராது. ஐந்தாறு மில்லிமீட்டர் உயரப் பிளேடில் அது நூற்றுக்கு நாலைந்து பங்கு கசிவு. அழுத்தமும் வெளிக்காற்றைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் எட்டுகிறது. பயணிகள் விமான எஞ்சின்களில் நாற்பது மடங்கையும் தாண்டும். போதாததற்கு, கம்ப்ரஸரைச் சுற்றுவதற்கு மட்டும் டர்பைன் முப்பது குதிரைத்திறன் அளவு கொடுத்தாக வேண்டும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் தானாக ஓடாது. ஓஹைனின் மாதிரி நின்றுபோனது இந்த இடத்தில்தான்.

எனவே இவை எண்ணெயைக் குடிக்கும். ஏழரைக் கிலோ உந்துவிசைக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர். அதே உந்துவிசைக்குப் பயணிகள் விமானம் செலவழிப்பதைப் போல் நாலைந்து மடங்கு. 2019 ஆகஸ்ட் 4இல் பிரான்சின் ஃபிராங்கி ஸபாட்டா சிறு டர்பைன்கள் பொருத்திய பலகையில் நின்றபடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மொத்தமே 22 நிமிடப் பயணம். முதுகில் மண்ணெண்ணெய்ப் பை. இருந்தும் நடுவழியில் ஒரு படகில் இறங்கிப் பையை மாற்ற வேண்டியிருந்தது. பத்து நாள் முன்னால் முயன்றபோது அந்தப் படகுத் தளத்தில் இறங்க முடியாமல்தான் கடலில் விழுந்தார்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், லேத்தும் நல்ல வெல்டிங் கையும் இருப்பவர் செய்யலாம், செய்தவர்கள் பலர். சொந்தமாக வரைய வேண்டாம், சோதித்த வரைபடத்தை அப்படியே பின்பற்றுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் வையுங்கள், பொடி வகை வேண்டாம். அந்தப் பொடி எஞ்சினுக்குள் போனால் பிறகு அது எதற்கும் ஆகாது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் சுழலும் தளத்திலேயே, பக்கவாட்டில்தான் பறக்கும். ஆகவே எஞ்சின் ஓடும்போது அதன் பக்கவாட்டில் நீங்களும் நிற்காதீர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் நிற்க விடாதீர்கள்.