மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வாளர் மேன்மையும்

முன்னுரை

பிறர் நூலிலிருந்து எடுத்தாளும் மரபு தமிழுக்குப் புதியதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைத்தில. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய பாடல்களாலும் புறத்திரட்டில் இடம்பெற்ற பாடல்களாலுமே அவற்றை ஓரளவு அறிகின்றோம். அறிவியல் உலகிலும் மேற்கோளுக்குப் பெருமதிப்பு உண்டு. ஒருவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்னும் இரு கணக்குகளே இன்று ஆய்வாளரை அளக்கும் கோல்களாக உள்ளன. இக்கோல்கள் எவற்றை அளக்கின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் பணிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்கள்

அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்த திட்டம், 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. 2005இல் இயற்பியலறிஞர் ஹிர்ஷ் 'எச் குறியீடு' என்பதை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டிருப்பின், அவருடைய குறியீடு 20ஐ எட்டியதாகக் கொள்வர்.

சுப்பாராவின் வெளியீடுகள்

1895இல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து 1925இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடல்நீர்மங்களிலுள்ள பாஸ்பரசை நீலநிறமாக மாற்றி, நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கும் முறையை அது விளக்கிற்று. உயிர்வேதியியலில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் இதுவும் ஒன்று. தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினைப் பற்றி 1927இலும், உயிரணுவின் ஆற்றற்பொருளாகிய ஏ.டி.பி. பற்றி 1929இலும் இருவரும் எழுதினர். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்த அவர், 1948இல் மறைந்தார். மேற்கோள் அட்டவணை வெளிவந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்தே.

கணக்கில் வாராதவை

ஆய்வுமுறை கூறும் கட்டுரையைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதைச் சுட்டுவர். புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை எடுத்தாளப்பட்டது இதனாலேயாகும். ஒரு கண்டுபிடிப்போ பாடநூலில் ஏறிவிட்டால், மூலக்கட்டுரையைச் சுட்டுவார் அருகிவிடுவர். ஆகவே, எண்ணிக்கை பயன்பாட்டைக் காட்டுமேயன்றிப் பெருமையை முற்றும் காட்டாது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை அமினோப்டெரின் மருந்து தற்காலிகமாகத் தணிப்பதைச் சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவித்தார். அம்மருந்து சுப்பாராவ் தலைமையிலிருந்த ஆய்வகத்தில் உருவானது. ஆயினும் அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆதலின் அதன் மேற்கோள்களுள் ஒன்றும் அவர் கணக்கில் சேராது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

லெடர்லே குழுவினர் 1947இல் அறிவித்த டைஎதில்கார்பமசின், யானைக்கால் நோய்க்கான மருந்தாகும். தேங்கிய கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இந்நோயைப் பரப்புகிறது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் அண்மையிலுள்ள புதுச்சேரியில், கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மையம் 1975இல் நிறுவப்பெற்றது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில், இம்மருந்தை ஊர்மக்கள் அனைவருக்கும் வழங்கினால் நோய்ப்பரவல் குறையுமா என்பதை அம்மைய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அம்முடிவுகள் பன்னாட்டு இதழ்களில் வெளிவந்தன. நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மருந்து வழங்கும் திட்டம் 2004இல் நம் நாட்டில் தொடங்கிற்று.

இந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் புறக்குருதியில் மிகுதியாக உலவும். ஆதலின் இரவில் வீடுவீடாகச் சென்றே குருதி எடுத்தல் வேண்டும். உறக்கம் கலைந்து விரல்நீட்டிய உழவரும், விளக்கேந்திச் சென்ற களப்பணியாளரும் எந்த அட்டவணையிலும் இடம்பெறார். அவர்களின்றி அக்கட்டுரைகளும் இல்லை.

முடிவுரை

மேற்கோள் எண்ணிக்கையைப் புறந்தள்ளுதல் முறையன்று. மறைந்துகிடந்த உழைப்பை அது வெளிக்காட்டுவதும் உண்டு. அதனை மட்டுமே நம்பிப் பதவியும் பரிசும் வழங்குதலும் முறையன்று. ஓர் ஆய்வாளரை மதிப்பிடுவோர், அவர் கட்டுரைகள் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்பதோடு, அவர் ஆய்வால் யார் நலம் பெற்றனர், அவருடன் உழைத்தோர் யாவர் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவரும் தமக்கு உதவியோர் பெயரை விடாது குறித்தல் கடமையாகும். மேற்கோள் காட்டுவது நன்றியறிதலின் ஒரு வடிவமே என்பதை உணரின், எண்ணிக்கை தனக்குரிய இடத்தில் நிற்கும்.